செம்புக் கணக்கு

அக்டோபர் 11, சனி

காலை ஆறு மணிக்குப் பெரியவன், உடம்பில் தேங்கும் செம்பை வெளியே இழுக்கும் பெனிசிலமைன் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி கம்பளிக்குள் போய்விட்டான். இனி ஒரு மணி நேரம் டீ கிடையாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மருந்து சரியாகச் சேராது. பெருமாள்மலைக் குளிரில் டீ வாசனையைக் காட்டிவிட்டு இல்லை என்று சொல்வது பாவம். அதனால் ஏழு மணி வரை நானும் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. அவர் மட்டும் மெயின் ரோட்டுக் கடைக்கு நழுவிவிடுவார்.

அவனுக்கு வில்சன் நோய். சாப்பாட்டில் வரும் செம்பில் தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். அதற்கான ஏடிபி7பி மரபணு அவனுக்குப் பழுது. தேங்கும் செம்பு முதலில் கல்லீரலில் சேரும், அப்புறம் மூளை, கண், சிறுநீரகம் என்று பரவும். இவனுக்கு முதலில் மாறியது கையெழுத்து. வரி முடிவதற்குள் எழுத்து கடுகாகச் சுருங்கிவிடும். வாத்தியார் சோம்பேறித்தனம் என்றார். கண் டாக்டர்தான் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையத்தைப் பார்த்துச் சொன்னார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று கேன் நாள். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரில் எவ்வளவு செம்பு போகிறது என்று பார்க்க. காலையில் முதலில் போகும் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு நாளைக் காலை முதல் தடவை வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். லேப் கொடுத்த பிளாஸ்டிக் கேன்தான், வேறு பாத்திரம் கூடாது. தர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு அதில் கேனை வைத்துப் பின்கட்டில் நிறுத்தியாயிற்று. இன்று முழுக்க அவன் வீட்டைத் தாண்டக் கூடாது. நண்பர்கள் மன்னவனூருக்குக் கூப்பிட்டதால் முகம் தூக்கிவைத்துக்கொண்டான்.

"நல்லாத்தானேம்மா இருக்கேன், இன்னும் எதுக்கு இதெல்லாம்?"

இந்தக் கேள்விதான் எனக்குப் பயம். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். குணமாகிவிட்டது என்று நிறுத்தியவர்களுக்குச் சில மாதங்களிலேயே கல்லீரல் அடியோடு கைவிட்டது உண்டு. அதைச் சொன்னால் சண்டை வரும். "கேனை மூடுடா" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 13, திங்கள்

வத்தலக்குண்டு வழியாக மதுரை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பெட்டிக்குள் இருப்பது மீனா என்று பக்கத்து சீட் அம்மா கேட்டார். ஆமாம் என்றேன்.

ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரில் புரதம், வயிற்று ஸ்கேன். மருந்தே சிறுநீரகத்தையும் தட்டணுக்களையும் கெடுக்கலாம் என்பதால் அதையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது. கையை நீட்டி நடுக்கம் பார்த்தார்கள். சுருள் வரையச் சொன்னார்கள், நன்றாகவே வரைந்தான்.

அக்டோபர் 20, தீபாவளி

சாக்லேட், முந்திரி, காளான், ஈரல் எல்லாவற்றிலும் செம்பு அதிகம். கொடைக்கானலில் இருந்துகொண்டு சாக்லேட் வேண்டாம் என்றால் விருந்தாளிகள் நம்ப மறுக்கிறார்கள். செம்புக் குடம் பரணில். தீர்த்தம் வாங்கினால் தலையில் தெளித்துக்கொள்கிறான். வருகிற ஆளெல்லாம் பத்தியம் பற்றித்தான் பேசுகிறார்கள், மாத்திரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வெறும் பத்தியத்தால் இந்த நோய் அடங்காது.

நவம்பர் 3, திங்கள்

ரிசல்ட் வந்தது. 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு 310 மைக்ரோகிராம். மருந்து இல்லாத ஆளுக்கு 100 தாண்டினாலே சந்தேகப்படுவார்கள். மருந்து இழுத்து வெளியே விடுவதால் இவனுக்கு 200 முதல் 500 வரை இருக்கலாம். 200க்குக் கீழே போயிருந்தால் மாத்திரை போடுகிறாயா என்றுதான் முதல் கேள்வி வந்திருக்கும்.

சின்னவளின் மரபணு ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. நோய் இல்லை. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுது, அவளுக்கு அதனால் கெடுதல் இல்லை. என்னிடமும் அவரிடமும் இருப்பதும் அப்படி ஒன்றுதான். நான் அத்தை மகனைக் கட்டியவள். இரண்டும் ஒரே பாட்டி வீட்டிலிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

சாயங்காலம் அத்தையிடம் இதைச் சொன்னேன். என் தம்பி மகனுக்குச் சின்னவளைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வெகுநாள் ஆசை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ அந்தப் பயலுக்கும் ரத்தம் பாக்கச் சொல்லு."

"அவ முதல்ல ப்ளஸ் டூ முடிக்கட்டும் அத்தை" என்றேன்.