பாம்பு இல்லாத ஊர்வலம்

அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். அதற்காக எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த பேரணிக்கு எங்கள் பாம்பு மீட்புக் குழுவையும் கூப்பிட்டிருந்தார்கள். வெளியூர்ப் பள்ளிகளில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன், கூச்சம் வந்ததில்லை. ஆனால் ஆடிப்பூரத் தேரை வேடிக்கை பார்த்து வளர்ந்த அதே ரத வீதியில், குழுவின் பனியனைப் போட்டுக்கொண்டு, சொந்தக்காரர்கள் வாசலில் நின்று பார்க்க நடப்பது வேறு விஷயம்.

முதல் நாள் ஏற்பாட்டாளர் ஒருவர் போனில், "ஒரே ஒரு நல்ல பாம்பு கொண்டு வாங்க தம்பி, படமெடுத்தா கூட்டம் அள்ளும்" என்றார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டத்தைத் 2022இல் திருத்திய பிறகு நல்ல பாம்பும் சாரையும் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கின்றன, காட்சிக்கு வைத்தால் ஜெயில்தான் என்றேன். "பல்லு புடுங்குனது?" என்றார். என்ன சொல்ல!

ஆக, கொக்கி, பைப், துணிப்பை மூன்றோடும் போனோம். முன்னால் புலி முகமூடி போட்ட பிள்ளைகள், அவர்களுக்கும் முன்னால் மேளம், நடுவில் "பாம்பு நம் நண்பன்" என்று கத்திக்கொண்டே நாங்கள். கோயில் பக்கம் பூ கட்டிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் என் பையைப் பார்த்து, "உள்ள என்னய்யா கெடக்கு?" என்றார். காலி என்றதும் நம்பவில்லை. சரி என்று உட்கார்ந்து, துண்டை முறுக்கிப் பாம்பாக்கி, அது இருட்டைத் தேடித் தானாகவே பைப்புக்குள் எப்படி நுழையும், பைப்பின் மறுமுனையில் பையை எப்படிக் கட்டியிருப்போம் என்று செய்து காட்டினேன்.

பார்த்து முடித்துவிட்டு, வீட்டுக்காரரைக் கட்டு விரியன் கடித்த கதையைச் சொன்னார். தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்றாராம். கடிவாய் தெரியவே இல்லை. சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் மந்திரிக்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கண் இமை தொங்கிவிட்டதாம்.

கட்டு விரியன் கடி அப்படித்தான். வலி பெரிதாக இருக்காது, தடமும் தெரியாது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், எது கடித்தது என்று தேடி அடித்துத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம், நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். தினமும் ஒப்பிக்கிற பாடம் இது. அந்த ஆச்சியிடம் வாயே வரவில்லை. அவர் நார் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். மறுபடி வரிசையில் சேர்ந்தபோது அந்தக் கோஷத்தை மட்டும் நான் போடவில்லை. நண்பன் என்று யாரோ எழுதிக் கொடுத்தது அது. நண்பனாக வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கால் வைத்தால் போதும்.

பேரணி முடியும் முன்பே போன் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பாம்பு. மேளச் சத்தத்தில் வீட்டு அடையாளமே காதில் விழவில்லை, வாசலில் நின்ற கூட்டத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். ஆறடிச் சாரை. கையில் இரண்டு கீறல் போட்டுவிட்டுத்தான் பைக்குள் போனது.

திரும்பும்போது அதே வழி. பேரணி கலைந்து, எலுமிச்சைச் சாதப் பொட்டலமும் தீர்ந்திருந்தது. ஆச்சி நிமிர்ந்து, "இப்ப என்ன கெடக்கு?" என்றார்.

"சாரை ஆச்சி. விஷமில்ல."

பூக்கூடையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, "பாத்துக் கொண்டு போய் விடுய்யா" என்றார்.