சிவக்க வேண்டிய கட்டம் எங்கே போச்சு?

மணிக்கு எத்தனை நிமிடம் போனைப் பார்க்கிறேன் என்று ஒரு வாரம் குறித்து வைத்திருந்தேன். 7 நாள், 24 மணி, ஆக 168 கட்டம். 0 நிமிடம் என்றால் மஞ்சள், 60 என்றால் சிவப்பு, இடையில் ஆரஞ்சு வகையறா. இதைப் பிரவுசரில் படமாக வரைய, எண்ணை ஹெக்ஸ் நிறமாக (சிவப்பு, பச்சை, நீலத்துக்கு இரண்டிரண்டாக ஆறு இலக்கக் குறியீடு) மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன்.

கணக்கும் சுலபம்தான். ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரை. சிவப்பு எப்போதும் 255, நீலம் எப்போதும் 0. நிமிடம் ஏற ஏறப் பச்சை மட்டும் 255இலிருந்து 0க்கு இறங்க வேண்டும். மூன்றையும் ஹெக்ஸாக்கி, அதாவது 16ஐ அடியாகக் கொண்ட எண்ணாக்கி (255 அங்கே 'எஃப்எஃப்'), ஒட்டினால் நிறம் தயார். 30 நிமிடத்துக்குப் பச்சை 127.5 வந்தது, நான் நிரல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி கொஞ்சமும் கூச்சமில்லாமல் '7எஃப்.8' என்று நீட்டியது. நிறத்துக்குள் புள்ளி! சரி என்று முழு எண்ணாக்கிவிட்டு ஓட்டினேன்.

படம் முழுக்கக் கறுப்பு. அங்கங்கே சில கட்டங்கள் மட்டும் வெள்ளை. எட்டிப் பார்த்த தம்பி கேட்டான்: "குறுக்கெழுத்தா அண்ணா? மேலிருந்து கீழ் ஒண்ணு என்ன?"

அவனை விரட்டிவிட்டு ஒரே ஒரு கட்டத்தைக் கையால் போட்டுப் பார்த்தேன். 30 நிமிடத்துக்கு சிவப்பு 'எஃப்எஃப்', பச்சை '80' (முழு எண்ணாக்கிய 128), நீலம் '0'. ஒட்டினால் 'எஃப்எஃப்800'. ஐந்தே இலக்கம். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து வந்தால் பிரவுசர் அதை நிறமாகவே மதிக்காது. எஸ்விஜி (பிரவுசரில் படம் வரையும் வடிவம்) கட்டமோ, நிறம் சொல்லாவிட்டால் கறுப்பைப் பூசிக்கொள்ளும்.

அந்த வெள்ளைதான் உச்சக்கட்டக் கூத்து. 60 நிமிடத்துக்குப் பச்சையும் '0', நீலமும் '0'. மொத்தம் 'எஃப்எஃப்00', நான்கு இலக்கம். நான்கு இலக்கம் என்றால் பிரவுசருக்குச் செல்லுபடியாகும் சுருக்கம்: ஒவ்வொன்றையும் இரட்டித்துக்கொள்ளும், கடைசி இலக்கம் ஒளிபுகும் அளவு. அது 0 ஆனதால் கட்டமே கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளை என்று நான் நினைத்தது பின்னணி! எந்த மணி நேரம் பளிச்சென்று சிவக்க வேண்டுமோ, அதுதான் மாயமாகியிருக்கிறது.

ஓர் இலக்கம் மட்டும் வந்தால் முன்னால் ஒரு 0 சேர் என்று ஒரு வரி எழுதினேன். பத்து நிமிட வேலைக்கு அரை நாள்.

இப்போது படம் அழகாக வந்துவிட்டது. இரவு 11 முதல் 1 வரை ஏழு நாளும் செக்கச்செவேல். தம்பி மறுபடி வந்து, "யாரண்ணா இப்படிப் போனே கதியென்று கிடப்பது?" என்றான்.

சும்மா சோதனைக்குப் போட்ட எண்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.