சூயா: கூழாங்கல் கரை, கொதிக்கும் வெயில், ஆடையில்லாக் கிழக்கு முனை

ஆடையில்லாமல் கடலில் குளிப்பதற்கென்றே ஐரோப்பாவில் வேலி போட்ட இடங்கள் ஏராளம். வாசலில் கட்டணம், உள்ளே உறுப்பினர் அட்டை, சுவரெல்லாம் விதிமுறைப் பலகை. கிரேக்கத்தின் க்ரீட் தீவில், தென்மேற்குக் கரையில் இருக்கும் சூயா என்ற சிற்றூரில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாம்பல்நிறக் கூழாங்கல் கரை. மேற்கு முனையில் படகுத்துறை, அதையடுத்து ஊர், கிழக்கே போகப் போகத் துணி குறையும். கடைசியில் பாறை தொடங்கும் இடத்தில் பெரும்பாலானோர் உடம்பில் ஒன்றும் இருக்காது. காசும் கேட்க மாட்டார்கள், கேள்வியும் கேட்க மாட்டார்கள். மத்தியதரைக் கடலோரத்தில் இந்தச் சுதந்திரத்தைக் காசில்லாமல் தரும் இடங்களில் இதற்கே முதலிடம் தருவேன். பணம் போவதெல்லாம் போகிற வழியிலும் சாப்பாட்டு மேசையிலும்தான்.

முதலில் வழி. வரைபடத்தில் சூகியா என்று வாசிக்கத் தோன்றும். பேருந்து நிலையத்தில் சூயா என்று கேளுங்கள். ஹானியா நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 70தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். அலிகியானோஸ் வரை ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே சுகமாகப் போகும் சாலை, பிறகு மலையேறி, ஆயா இரினி தாண்டி, மறுபக்கம் கடலை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது. வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் முன் இருக்கையைப் பிடிக்க வேண்டும், மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுவிட வேண்டும். வளைவு தொடங்கிய பிறகு போடும் மாத்திரையால் பயன் இல்லை. சீட்டை நிலையத்துச் சாளரத்தில் வாங்குங்கள். கோடையிலும் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான் பேருந்து. ஞாயிற்றுக்கிழமை நேரம் மாறும். குளிர்காலத்தில் இன்னும் சுருங்கும். முந்தின நாள் மாலை நேரப் பட்டியலை ஒருமுறை சரிபார்க்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

திரும்பி வரும் மாலைப் பேருந்துதான் பெரிய தலைவலி. பக்கத்து மலையிலுள்ள சமாரியா பள்ளத்தாக்கின் 16 கிலோமீட்டரை நடந்து முடிப்பவர்கள் ஆயா ரூமேலி என்ற ஊரில் வந்து இறங்குகிறார்கள். அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. படகு ஏறிக் கிழக்கே ஹோரா ஸ்ஃபாகியோன் போக வேண்டும், அல்லது மேற்கே சூயா வர வேண்டும். அதனால் மாலை ஆறு மணியை ஒட்டி சூயா படகுத்துறையில் ஒரு கூட்டம் வந்து கொட்டும். வியர்வையும் புழுதியும் முழங்கால் வலியுமாக எல்லோரும் ஒரே பேருந்தை நோக்கி ஓடுவார்கள். கடல் கொந்தளித்தால் படகு தாமதம், படகுக்காகக் காத்திருக்கும் பேருந்தும் தாமதம். அன்று இரவே விமானம் வைத்திருப்பவர் கதி அதோகதி. காலைப் பேருந்தில் கிளம்புங்கள், இல்லையென்றால் விமானத்துக்கு முந்தின இரவை ஹானியாவில் கழியுங்கள். ஓர் அறை வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டு விமானத்தைத் தவறவிடுவது மிச்சமே இல்லை.

டாக்ஸி எடுத்தால் ஹானியாவிலிருந்து நூறு யூரோவைத் தாண்டிவிடும். நாலு பேர் பங்கு போட்டால் மட்டும் யோசிக்கலாம். கிரேக்க டாக்ஸி மீட்டரில் 1 அல்லது 2 என்று ஓர் எண் தெரியும். பகலில் நகர எல்லைக்குள் 1, எல்லை தாண்டினாலோ நள்ளிரவு முதல் காலை ஐந்து வரையோ 2. பட்டப்பகலில் ஊருக்குள்ளேயே 2 ஓடினால் உங்கள் பணம் கரைகிறது என்று பொருள். விரலை நீட்டி எண்ணைக் காட்டினாலே போதும், பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள். தொலைதூரச் சவாரிக்கு மொத்தத் தொகையை, பெட்டிக்கும் சேர்த்து, ஏறும் முன்பே பேசி முடியுங்கள். வாடகைக் கார் எடுப்பவர்கள் பெட்ரோலை ஹானியாவிலோ அலிகியானோஸிலோ நிரப்பிக்கொண்டு மலையேறுங்கள்.

சரி, கரைக்கு வருவோம். ஊரின் கடைசி உணவகத்தைத் தாண்டிக் கிழக்கே பத்துப் பதினைந்து நிமிடம் கல்லில் நடந்தால் அந்த முனை வந்துவிடும். பழைய ஆட்கள் அதைப் பன்றிக் குடா என்பார்கள், பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வயதானவர்கள், குழந்தையோடு வந்த குடும்பங்கள், வருடா வருடம் வரும் ஜெர்மானியர்கள் என்று எல்லாரும் கலந்து கிடப்பார்கள். ஆடையோடு இருப்பவரும் உண்டு, யாரும் யாரையும் கழற்று என்று சொல்வதில்லை. சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கிரேக்கத்தில் 1983-ல் வந்த சட்டம் அனுமதி பெற்ற இடங்களில் மட்டுமே ஆடையில்லாமல் இருக்க விடுகிறது. சூயாவின் கிழக்கு முனை அப்படி அறிவிக்கப்பட்ட இடமில்லை, ஊர்க்காரர்களின் பொறுமையில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்தப் பொறுமையைக் கெடுக்காமல் இருப்பது வருகிறவர்களின் கடமை.

அதற்குச் சில விஷயங்களை விடாமல் கடைப்பிடிக்க வேண்டும். கைபேசி பைக்குள் இருக்கட்டும். கடலை மட்டும்தான் எடுக்கிறேன் என்று கேமராவைத் தூக்கினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. வெறித்துப் பார்க்கக் கூடாது. இடம் காலியாகக் கிடக்கும்போது இன்னொருவர் துண்டுக்கு அருகில் போய் விரிக்கக் கூடாது. காமச் சேட்டைக்கு அங்கே இடமில்லை. ஊர்ப் பக்கம் திரும்பும்போது, கடைசி உணவகம் கண்ணில் படுவதற்கு முன்பே இடுப்பில் துணி ஏறிவிட வேண்டும். உணவகத்தில் உட்கார மேலாடையும் வேண்டும். தனியாக வரும் பெண்கள் பொதுவாக நிம்மதியாகவே இருக்கலாம், யாராவது உறுத்தினால் குடும்பங்கள் இருக்கும் பக்கம் இடம் மாறுவதே சுலபமான வழி. இதற்கெல்லாம் நம்ம ஊர்ப் பருத்தி லுங்கி ஒன்று போதும். விரிக்கலாம், கட்டலாம், தோளில் போர்த்தலாம், பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். கனத்த குளியல் துண்டைச் சுமந்து வருவது வீண் எடை.

கல்லைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேரின் நாள் அதனால்தான் கெடுகிறது. நண்பகலில் அந்தச் சாம்பல்நிறக் கல் தோசைக்கல்தான், வெறுங்காலோடு பத்தடி நடக்க முடியாது. ரப்பர் அடி வைத்த, காலோடு ஒட்டிய நீர்க்காலணி வேண்டும். சாதா செருப்பைக் கல்லுக்குள் அலை பிடுங்கிக்கொண்டு போய்விடும். கரை சட்டென்று சரிந்து ஆழமாகிறது. நீச்சல் தெரியாதவர் இடுப்பளவில் நின்று விளையாடும் கடல் இல்லை இது. அலை இருக்கும் நாளில் வெளியே வருவதற்கும் ஒரு முறை உண்டு: ஓர் அலை உங்களை மேலே தள்ளியவுடன், அடுத்தது வருவதற்குள் கையூன்றித் தவழ்ந்து ஏறிவிட வேண்டும். எழுந்து நிற்க முயன்றால் பின்வாங்கும் நீர் காலடிக் கல்லை உருட்டிவிடும். தெற்குக் காற்று அடிக்கும் நாளில் குளிப்பதையே விட்டுவிடுங்கள்.

வடக்குக் காற்று இன்னொரு வகை ஆபத்து. மலையிலிருந்து திடீர் திடீரென்று சூடாக இறங்கும், கடல் மட்டும் தட்டையாக, அழகாக இருக்கும். அந்த அழகை நம்பிக் காற்றடைத்த மெத்தையில் படுத்தால் தீவின் தெற்கே விரிந்த லிபியக் கடலின் நடுவை நோக்கி இழுத்துக்கொண்டு போய்விடும். மெத்தை வேண்டவே வேண்டாம். கிழக்கு முனையில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எண்ணிப் போகாதீர்கள். நிழற்குடையும் கூழாங்கல்லில் நிற்காது. இரண்டு சாண் குழி தோண்டி, தண்டை நட்டு, சுற்றிப் பெரிய கல்லாக முழங்கால் உயரத்துக்குக் குவித்தால்தான் தாங்கும். கரையோரம் தாமரிஸ்க் மரங்கள் உண்டு, ஆனால் காலை ஒன்பதரைக்கே அந்த நிழல் நிரம்பிவிடும். அங்கே கூடாரம் அடித்துத் தங்குபவர்களையும் பார்ப்பீர்கள். கிரேக்கச் சட்டப்படி அது குற்றம், அபராதம் உண்டு.

வெயில் பூச்சில் கஞ்சத்தனம் வேண்டாம். வழக்கமாகத் துணிக்குள் இருக்கும் தோல் சீக்கிரமே எரிந்துவிடும், கருத்த தோலும் எரியக்கூடியதுதான். பெரியவர் ஒருவர் உடம்பு முழுக்கப் பூச ஏறக்குறைய 35 மில்லி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்துவிட்டு வந்த பிறகும் மறுபடி பூச வேண்டும். அப்படியானால் 200 மில்லி புட்டி ஒருவருக்கு இரண்டு நாள்கூட வராது. ஹானியாவின் பேரங்காடியில் பெரிய புட்டியாக வாங்கி வந்தால் நல்ல மிச்சம். தண்ணீரையும் ஊர்க் கடையில் ஒன்றரை லிட்டர் போத்தல் ஆறு கொண்ட கட்டாக வாங்கி அறையில் வையுங்கள். கிழக்கு முனையில் கடையோ கழிப்பறையோ எதிர்பார்க்க வேண்டாம். ஊருக்குள் வந்து ஒரு காப்பி குடித்துவிட்டு அங்குள்ள கழிப்பறையைப் பயன்படுத்துவதே மரியாதை. காகிதத்தைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள், பக்கத்துக் குப்பைக் கூடையில்தான் போட வேண்டும். குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும்.

இனிச் சாப்பாடு! சைவக்காரர்கள் ஐரோப்பாவில் ரொட்டியும் சலாடுமாகக் காய்ந்துபோவது வழக்கம், க்ரீட்டில் அந்தக் கவலையே இல்லை. டாக்கோஸ் என்று ஒன்று தருவார்கள்: கல் மாதிரி உலர்ந்த பார்லி ரொட்டி மேல் துருவிய தக்காளி, மிஸித்ரா என்ற வெள்ளைப் பாலாடைக்கட்டி, தாராளமாக ஆலிவ் எண்ணெய். வந்தவுடன் கடிக்காதீர்கள், ஐந்து நிமிடம் ஊறட்டும், பிறகு பாருங்கள் அதன் சுவையை! ஹானியா வட்டாரத்துப் புரேகியை விடவே கூடாது. சுகினி, உருளைக்கிழங்கு, மிஸித்ரா, புதினா அடுக்கி அடுப்பில் சுட்டது. ஹோர்டா என்பது வேகவைத்த காட்டுக்கீரை, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய் கேட்கும்போது மட்டும் 'ஹோரிஸ் கிமா' என்று சொல்லுங்கள், கறி கலக்காதது வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள். இருவர் மூன்று தட்டு வாங்கினால் வயிறு நிறைந்துவிடும், ஆளுக்கு இரண்டு என்று கேட்டுவிட்டு மிச்சம் வைக்காதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் பழமும் சின்னக் குவளையில் ராக்கி என்ற மதுவும் கேட்காமலே வரும், அதற்குக் காசு வாங்குவது வழக்கமில்லை.

பணம் பறிபோவது மீனில். பட்டியலில் இருப்பது கிலோ விலை. கிலோ 60 யூரோ என்றால் 800 கிராம் மீன் ஒன்று 48 யூரோ. தட்டு விலை என்று நினைத்தவர்கள் ரசீதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். மீனைக் கண்ணால் பார்த்து, எதிரில் நிறுக்கச் சொல்லி, தொகையைக் கேட்டபிறகு சரி சொல்லுங்கள். பட்டியலில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்தது. ரொட்டிக் கூடைக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், வேண்டாமென்றால் வைக்கும்போதே திருப்பி அனுப்புங்கள். ரசீது தராவிட்டால் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது கிரேக்கத்தில் சட்டம், பட்டியலின் அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். ரொக்கத்தை ஹானியாவிலேயே எடுத்து வருவது நல்லது.

தங்க எளிய அறைகள் போதும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறை வாடகைக்கு மேல் இரவுக்கு ஒரு வரி உண்டு: இரண்டு நட்சத்திரம் வரையிலான விடுதிக்கு 2 யூரோ, இணையத்தில் குறுகிய கால வாடகைக்குப் பிடிக்கும் வீட்டுக்கு 8 யூரோ. பத்து இரவுக்கு 60 யூரோ வித்தியாசம், பல நாள் சாப்பாட்டுச் செலவு.

கடல் அலுத்தால், அலுக்காது, இருந்தாலும் ஒரு நாள் லிஸோஸ் என்ற பண்டைய ஊரின் இடிபாடுகளுக்குப் போய் வாருங்கள். படகுத்துறைக்குப் பின்னால் தொடங்கும் பாதை ஒரு சின்னப் பள்ளத்தாக்கில் ஏறி, மேட்டுநிலம் கடந்து இறங்குகிறது, ஒன்றரை மணி நேர நடை. மருத்துவக் கடவுள் அஸ்க்லேபியஸின் கோயிலும் அதன் வண்ணக்கல் தரையும் அங்கே இருக்கின்றன. காலை ஏழுக்குக் கிளம்புங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காலில் செருப்பு அல்ல காலணி. நடக்க முடியாதவர்கள் துறையில் படகுக்காரரிடம் போக வர விலை பேசலாம். கிளம்பும் முன் துறையருகே பாறைகளைக் கவனியுங்கள்: தலைக்கு மேலே, கிடைக்கோடாகப் பழைய கடல் அரித்த தடம் தெரியும். கி.பி. 365-ல் வந்த நிலநடுக்கம் மேற்கு க்ரீட்டையே பல மீட்டர் தூக்கிவிட்டது; பண்டைய சூயாவின் துறைமுகம் அப்படித்தான் வறண்ட நிலமானது.

ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள், அறை விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். மே மாதத்தில் மலை பூத்துக் கிடக்கும், தண்ணீர்தான் குளிரும். செப்டம்பர் பாதிக்கு மேல், அக்டோபர் முதல் வாரம் வரை போனால் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், தாமரிஸ்க் நிழலும் பத்து மணிக்குக்கூடக் கிடைக்கும்.