தொப்புளை யாரும் தடை செய்யவில்லை

"சார், 'குடிகாரன்'ங்கற சொல்லை எடுத்துட்டா இந்தப் பத்தி என்னத்தைச் சொல்லும்?" என்று என் குழுவில் வேலை பார்த்த அவள் கேட்டபோது இரவு ஏழரை மணி இருக்கும். நாங்கள் திருத்திக்கொண்டிருந்த பாடநூல் கோப்பு ஒன்பது மணிக்குள் அமெரிக்காவுக்குப் போயாக வேண்டும். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நாம தீ வைக்கிறவங்க இல்லம்மா, கமா வைக்கிறவங்க" என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள் என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கையில், அவள் "சரி சார்" என்று மட்டும் சொன்னதே நினைவில் நிற்கிறது. அவளுடைய சிரிப்பை நானாகச் சேர்த்துக்கொண்டேன் போலும்.

அந்தப் பத்தி, 1950களின் அமெரிக்க அறிவியல் புனைவுகள் எதிர்காலத்தை ஏன் அவ்வளவு இருட்டாகக் கண்டன என்பதைப் பள்ளி மாணவர்களுக்கு விளக்கும் ஒரு பாடப் பகுதியின் முன்னுரையில் இருந்தது. ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலுக்கு நேர்ந்த கதையை அது சொன்னது. புத்தகங்களைக் கொளுத்துவதையே தீயணைப்புத் துறையின் வேலையாக ஆக்கிவிட்ட ஒரு நாட்டைப் பற்றிய அந்த நாவல் 1953இல் வெளிவந்தது. 1967இல் அதை வெளியிட்ட பாலன்டைன் நிறுவனமே உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பைக் கொண்டுவந்து, எழுத்தாளரிடம் சொல்லாமல், எழுபத்தைந்து இடங்களுக்கு மேல் கைவைத்தது. வசைச் சொற்கள் போயின. கருக்கலைப்பு என்ற சொல் போயிற்று. குடிபோதையில் இருந்த ஒருவன் நோயாளி ஆனான். தொப்புளைச் சுத்தம் செய்வதாக வந்த இடத்தில் காதைச் சுத்தம் செய்வதாக மாற்றினார்கள். சில ஆண்டுகள் கழித்து எல்லோருக்கும் விற்கப்பட்ட பதிப்பும் இந்தத் திருத்திய பதிப்பாகவே ஆகிவிட்டது. மாணவர்கள் எழுதித் தெரிவித்த பிறகுதான் பிராட்பரிக்கு விஷயம் தெரிந்தது. அதன்பின் மூலவடிவம் மீண்டும் வந்தது.

எங்களுக்குக் கிளையன்ட் அனுப்பியிருந்த தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியலில் மது, போதை, போதையில் இருப்பவர் ஆகியவை தெளிவாகவே இருந்தன. அவள் அதைப் பார்த்துவிட்டு, சொல்லின் மேல் ஒரு க்வெரி, அதாவது ஓரத்தில் எழுதிக் கேட்கும் சந்தேகம், போட்டிருந்தாள். தணிக்கையைப் பற்றிய எடுத்துக்காட்டாக அந்தச் சொல் வருவதால் விட்டுவிடலாமா என்பதுதான் கேள்வி. சரியான கேள்வி. இப்படிப்பட்ட கேள்விகளை எழுப்பத்தான் எங்களுக்குச் சம்பளம். நான் க்வெரியை நீக்கினேன். பிறகு, மாற்றப்பட்ட இரண்டு நிகழ்ச்சிகளையும் எடுத்துவிட்டு, "சில சொற்களும் சில நிகழ்ச்சிகளும் எழுத்தாளருக்குத் தெரியாமல் மாற்றப்பட்டன" என்று ஒரே வாக்கியமாக ஆக்கினேன். இலக்கணத்தில் குறை சொல்ல முடியாத வாக்கியம்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது குடிகாரன் இல்லை. அவனை எடுக்கச் சொல்லி எழுத்தில் ஆணை இருந்தது. தொப்புளை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பட்டியலின் நான்கு பக்கங்களிலும் தொப்புள் இல்லை. பிற்பாடு தேடிப் பார்த்துவிட்டேன். இரண்டு எடுத்துக்காட்டுகளில் ஒன்று போய் மற்றொன்று மட்டும் நின்றால் வாக்கியம் ஒரு பக்கம் சாய்கிறது என்று தோன்றியதால், நடையின் அழகுக்காக, அதையும் வெட்டினேன். 1967இல் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவராவது இப்படித்தான் செய்திருப்பார் என்று தோன்றும்போது சிறிது ஆறுதலும் அதைவிடக் கூடுதலாக வெட்கமும் வருகின்றன. 1979இல் எழுதிய பின்குறிப்பில் பிராட்பரி அவர்களைப் பொந்து போன்ற அறைகளில் உட்கார்ந்திருக்கும் எடிட்டர்கள் என்று திட்டியிருக்கிறார். என் இருக்கையின் மூன்று பக்கமும் தோளுயரத் தடுப்பு உண்டு.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. அந்தத் தொகுப்பு வேலை தொடங்கிய வாரத்தில் குழுவினருக்கு அரை மணி நேரம் அந்தக் காலத்து நாவல்களை அறிமுகப்படுத்தியவனே நான்தான். அப்போது நான் சொன்னது, என் சொந்தக் கண்டுபிடிப்பு என்ற பெருமையோடு சொன்னது, இதுதான். இவை பெரும்பாலும் அலுவலக நாவல்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைப் படித்துவிட்டு வருகிறவர்கள் சுவரொட்டியில் முறைக்கும் ஒரு சர்வாதிகாரியைத் தேடுவார்கள். இங்கே அவர் அகப்படமாட்டார். பிராட்பரியின் மான்டாக் தீயணைப்பு நிலையத்துக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்வருகிறவன். 1952இல் வந்த கர்ட் வானகட்டின் 'பிளேயர் பியானோ'வில் பால் புரோட்டியஸ் ஓர் ஆலையின் மேலாளர். அவனுடைய பெரிய கவலை பதவி உயர்வு கிடைக்குமா என்பது. ஃபிரடெரிக் போலும் சிரில் கோர்ன்ப்ளத்தும் சேர்ந்து எழுதி, அதே ஆண்டு 'கேலக்ஸி' இதழில் தொடராக வந்து, மறு ஆண்டு 'தி ஸ்பேஸ் மெர்ச்சண்ட்ஸ்' என்ற பெயரில் நூலான கதையில் உலகத்தையே விளம்பர நிறுவனங்கள் ஆள்கின்றன; அதன் நாயகன் விளம்பர வாசகம் எழுதுகிறவன். எழுதியவர்களும் அலுவலகம் அறிந்தவர்களே. போல் விளம்பரத் துறையில் வேலை பார்த்திருக்கிறார். வானகட் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்தபோது, மனிதக் கை படாமல் உலோகத்தைச் செதுக்கும் ஓர் இயந்திரத்தைப் பார்த்ததுதான் நாவலுக்கு விதை. தீமை வேலை நேரத்தில், வேலை ஒழுங்கோடு, நல்ல பெயர் எடுத்துக்கொண்டே நடக்கிறது என்பதுதான் இவர்கள் கண்டது என்று முடித்தேன். கைதட்டினார்கள். அவள்தான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

பிராட்பரி நாவலின் தீயணைப்புத் தலைவர் பீட்டி மான்டாக்கின் படுக்கையருகே அமர்ந்து செய்யும் நீண்ட பேச்சையும் அன்று எடுத்துச் சொன்னேன். புத்தக எரிப்பு அரசாங்கத்தின் ஆணையால் தொடங்கவில்லை என்கிறார் பீட்டி. மக்கள் படிப்பதை விட்டார்கள், புத்தகங்கள் சுருக்கமாகிக்கொண்டே போயின, ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் ஏதோ ஒரு பக்கம் வருத்தம் தந்தது, யாருக்கும் வருத்தம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அரசாங்கம் கடைசியில்தான் வந்தது. நாவல் வந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் இது வியப்பாக இருக்கிறது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு நூலகங்களிலிருந்து இடதுசாரி என்று ஐயப்பட்டவர்களின் நூல்கள் அகற்றப்பட்டதும், புத்தகத்தை எரிப்பவர்களோடு சேராதீர்கள் என்று அதிபர் ஐசனோவர் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்களிடம் கூறியதும் அதே 1953இல்தான். கண்ணெதிரே அரசாங்கம் நிற்கும்போது, பிராட்பரி விரலை வேறு பக்கம் நீட்டினார். அது கோழைத்தனமா கூர்மையா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கூர்மை என்று சொன்னேன். இன்று கேட்டால் அவ்வளவு வேகமாகச் சொல்வேனா தெரியாது. எல்லோரும் குற்றவாளிகள் என்று சொல்லிவிட்டால் யாரையும் பிடிக்க வேண்டியதில்லை என்ற வசதியும் அந்தப் பேச்சில் இருக்கிறது. அந்த வசதியை நானே இந்தக் கட்டுரையில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேனோ என்றும் படுகிறது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலை எழுதியவர்கள் அறிவிலிகள் இல்லை. வகுப்பில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கையில், ஒரு பிள்ளையின் தகப்பன் தினமும் குடித்துவிட்டு வருகிறவனாக இருக்கலாம். அந்தச் சொல்லை உரக்கப் படிக்கும் முறை அந்தப் பிள்ளைக்கே வந்து சேரலாம். என் சிறுவயதில் அப்படியொரு வகுப்பில் நான் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து நின்று படித்தும் இருக்கிறேன். ஆகவே பட்டியலை முழுக்கப் பகடி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. தவிர, நாங்கள் தொட்டது பிராட்பரியின் நாவலை அல்ல, அதைப் பற்றி யாரோ ஒருவர் கூலிக்கு எழுதிய முன்னுரையை. இதையெல்லாம் நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் இவற்றில் ஒன்றும் அன்று ஏழரை மணிக்கு என் மனத்தில் இருக்கவில்லை. ஒன்பது மணி மட்டும்தான் இருந்தது. காரணங்கள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

மறுத்தவர்களும் இருந்தார்கள் என்பது வேறு தொல்லை. 1954இல் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்கள், அரசாங்கம் தலையிடுவதற்கு முன் தாங்களே முந்திக்கொண்டு ஒரு நெறிமுறைத் தொகுப்பை வகுத்து, அதை நடத்த ஓர் அமைப்பையும் ஏற்படுத்தினார்கள். இதழின் தலைப்பில் திகில், பயங்கரம் என்ற சொற்கள் வரக்கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. அதுவும் ஒரு பட்டியல்தான். ஈசி காமிக்ஸ் நிறுவனம் 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற தன் பழைய அறிவியல் கதையை மறுபதிப்புக்கு அனுப்பியது. ஆரஞ்சு நிற ரோபோக்கள் நீல நிற ரோபோக்களை ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு கிரகத்தைப் பூமியிலிருந்து வந்த ஒருவர் பார்வையிட்டு, நீங்கள் இன்னும் எங்களோடு சேரத் தகுதி பெறவில்லை என்று சொல்லித் திரும்புகிறார். கடைசிச் சட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவர் கறுப்பினத்தவர் என்று தெரிகிறது. அவர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றது அமைப்பு. அவர் கறுப்பர் என்பதுதான் கதையே என்று ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன் மறுத்தார். உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ் விஷயத்தை ஊரறியச் சொல்வேன் என்று மிரட்டினார். கதை மாற்றமின்றி அச்சாயிற்று. அதோடு அந்த நிறுவனம் காமிக்ஸ் புத்தகம் போடுவதையே நிறுத்திவிட்டது.

இதை எண்ணும்போதெல்லாம், கெய்ன்ஸுக்கென்ன, முதலாளி, வீட்டுக் கடன் தவணை பார்த்து வேலை செய்கிறவர் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் முதலில் மறுத்த ஃபெல்ட்ஸ்டீன் அவரிடம் வேலை பார்த்தவர். அது மட்டுமன்று, என்னிடம் யாரும் இதழை நிறுத்தும் அளவு துணிச்சலைக் கேட்கவில்லை. க்வெரியை அழிக்காமல் விட்டிருந்தால் போதும். அமெரிக்காவில் ஒருவர் மறுநாள் காலை அதைப் படித்து, "விட்டுவிடுங்கள்" என்றோ "எடுத்துவிடுங்கள்" என்றோ ஒரு சொல் எழுதியிருப்பார். பெரும்பாலும் எடுக்கத்தான் சொல்லியிருப்பார். அப்போது பத்தி இதே நிலைக்குத்தான் வந்திருக்கும், தொப்புள் நீங்கலாக. பிறகு என்ன வித்தியாசம் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வித்தியாசம் இருக்கிறது என்று தோன்றுகிறது, என்னவென்று சொல்ல வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து 'பிளேயர் பியானோ' பற்றிய பகுதி வந்தது. அதில் ரூடி ஹெர்ட்ஸ் என்ற கடைசல் தொழிலாளியின் கதைச் சுருக்கம் உண்டு. ஆலையிலேயே கைத்திறன் மிக்கவர் என்று பொறியாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய கையசைவுகளை நாடாவில் பதிவு செய்கிறார்கள்; அதன்பின் கடைசல் இயந்திரங்களை அந்த நாடா ஓட்டுகிறது, ரூடிக்கு வேலை இல்லை. அன்று தன்னைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்குப் பெருமைதான். பல ஆண்டுகள் கழித்து ஒரு மதுக்கடையில் பால் புரோட்டியஸைச் சந்திக்கும் ரூடி, காசு போட்டுத் தானாக வாசிக்கும் பியானோவை ஓடவிட்டு, கட்டைகள் தாமாக ஏறி இறங்குவதைக் காட்டி, யாரோ ஆவி உட்கார்ந்து வாசிப்பது போல இல்லையா என்கிறார்.

நான் சரிபார்த்தபோது மதுக்கடை "ஓர் உணவகம்" ஆகியிருந்தது. ரூடிக்குப் பொறியாளர்கள் பியர் வாங்கிக் கொடுத்த வாக்கியம் சுவடில்லாமல் மறைந்து, முன்வாக்கியமும் பின்வாக்கியமும் மிக நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தன. நானே செய்திருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. ஓரத்தில் ஏதாவது க்வெரி இருக்கிறதா என்று கோப்பின் மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அந்த ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அவளைப் பற்றி, தேவையற்ற கேள்விகளால் பணியைத் தாமதப்படுத்துவதில்லை, தானாகவே முடிவெடுக்கும் பக்குவம் வந்திருக்கிறது என்று எழுதினேன். அவளுக்கு ஊதிய உயர்வு கிடைத்தது. அதற்காக வந்து நன்றி சொன்னாள். இப்போது வேறு நிறுவனத்தில் எனக்கு நிகரான பொறுப்பில் இருக்கிறாள்; அவளுக்குக் கீழே ஏழெட்டுப் பேர். அந்த முன்னுரைக் கோப்பின் முந்தைய பிரதி எங்கள் சர்வரில் இன்னும் இருக்கிறது. அதைத் திறந்தால் அவளுடைய க்வெரி, குடிகாரன், தொப்புள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. இதை எழுதுவதற்கு முன் ஒரு முறை திறந்து பார்த்தேன். க்வெரியின் கடைசியில், நான் அன்று கவனிக்காத ஒரு வரி இருந்தது: "உங்கள் வகுப்பில் சொன்னதை வைத்துக் கேட்கிறேன் சார்."