புடாபெஸ்டில் நான்கு பலகைகள்

2024 செப்டம்பர் 21ஆம் தேதி காலை புடாபெஸ்டில் நான் முதலில் பார்க்கப் போனது சதுரங்கத்தை அல்ல, வெள்ளத்தை. மத்திய ஐரோப்பாவில் கொட்டித் தீர்த்த மழையால் டான்யூப் பெருகி, கரையோரச் சாலைகளை மூழ்கடித்து, நாடாளுமன்றக் கட்டடத்தின் கீழ்ப்படிகள் வரை ஏறியிருந்தது. சாலையோரத்து வழிகாட்டிப் பலகைகள் நீருக்குள்ளிருந்து கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மாலைக்குள் மெட்ரோவின் சிவப்புத் தடத்தைப் பிடித்துப் புஷ்காஷ் விளையாட்டரங்க நிலையத்தில் இறங்கி, 45ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்த பொக் அரங்கிற்குச் சென்றேன்.

பத்தாம் சுற்றில் இந்தியாவும் அமெரிக்காவும் மோதின. பார்வையாளர் பகுதியிலிருந்து ஆட்டக்காரர்களின் தோள்களும் குனிந்த தலைகளும் தெரிந்தனவே தவிர, காய்கள் தெரியவில்லை. இது தனிநபர் போட்டியைப் போன்றதன்று. ஓர் அணிக்கு ஐந்து பேர். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களில் நால்வர் ஆடுவார்கள். ஒன்றாம், மூன்றாம் பலகைகளில் வெள்ளை கிடைத்தால் மற்ற இரண்டிலும் கறுப்பு. ஓர் ஆட்டத்தை வென்றால் ஒரு புள்ளி, டிராவுக்கு அரை. ஆனால் நான்கில் இரண்டரைப் புள்ளி எடுத்தாலும் நான்கையும் வென்றாலும் அணியின் கணக்கில் சேர்வது அதே இரண்டு அணிப்புள்ளிகள்தான். ஆகவே, தன் பலகையில் வெற்றியைத் தேடலாமா, டிராவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதைப் பக்கத்துப் பலகைகளின் நிலவரத்தையும் பார்த்தே ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அன்று பிரக்ஞானந்தா வெஸ்லி சோவிடம் தோற்றார். என் வயிறு கலங்கியது. ஆனால் குகேஷ் கருவானாவை வீழ்த்தினார். அர்ஜுன் எரிகைசி டொமிங்கஸை வென்றார். விதித் குஜராத்தி ஆரோனியனுடன் டிரா செய்தார். இரண்டரைக்கு ஒன்றரை! பலர் குகேஷைக் கொண்டாடினார்கள், அது நியாயமே. எனினும் ஆரோனியனுக்கு இடங்கொடாமல் விதித் பிடித்து வைத்த அந்த அரைப்புள்ளி இல்லாமல் அந்தக் கணக்கு முடிந்திருக்காது.

மறுநாள் கடைசிச் சுற்று காலையிலேயே தொடங்கியது. ஆண்கள் ஆடிய பொதுப் பிரிவில் ஸ்லோவேனியாவையும், பெண்கள் பிரிவில் அசர்பைஜானையும் இந்திய அணிகள் மூன்றரைக்கு அரை என்றே வென்றன. பெண்கள் பிரிவில் அதுவரை புள்ளிகளில் சமமாக வந்த கஜகஸ்தான் அமெரிக்காவுடன் டிரா செய்யவே, இரண்டு தங்கங்களும் ஒரே நாளில் வந்தன. சென்னையின் அக்காள் வைஷாலியும் தம்பி பிரக்ஞானந்தாவும் ஆளுக்கொரு தங்கத்தோடு திரும்பினார்கள். குகேஷும் தானியா சச்தேவும், கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றபோது ரோகித் சர்மா நடந்ததைப் போல மெல்ல நடந்து வந்து கோப்பையைக் கொடுத்தது சற்றே மிகை. நானும் கை தட்டத்தான் செய்தேன்.

பிற்பகலில் செச்செனி வெந்நீர்க் குளியலகத்திற்குப் போனேன். மார்பளவு நீரில் நின்றபடியே சதுரங்கம் ஆடுவது அங்கே பழைய வழக்கம். ஆவி படிந்து ஈரமாக இருந்த பலகைக்கு எதிரே நின்ற முதியவர், நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் சிரித்து, "போர்டிஷ்" என்று சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். 1952 முதல், தான் பங்கேற்ற ஒவ்வொரு ஒலிம்பியாடிலும் முதலிடம் பிடித்து வந்த சோவியத் யூனியனை 1978இல் புவெனஸ் ஐரிஸில் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வென்ற ஹங்கேரி அணியில், முதல் பலகையில் ஆடியவர் லாயோஷ் போர்டிஷ்.

இரண்டு ஆட்டங்களில் அவர் என்னைச் சுலபமாகத் தோற்கடித்தார். மூன்றாவதில் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தபோது, டிரா கேட்டு ஈரக் கையை நீட்டினேன். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு, யானையை ஒரு கட்டம் முன்னே தள்ளினார்.