மூடப்படாத சாக்கெட்டுகள்

எங்கள் சர்வரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு திறமூலச் சேவை, ஒன்பது பத்து நாள்களுக்கு ஒருமுறை புதிய இணைப்புகளை ஏற்க மறுத்துவிடும். ஏற்கெனவே இணைந்திருந்தவர்களுக்கு எந்தத் தடங்கலும் இருக்காது. லாக் பதிவில் பிழை எண் 24, அதாவது திறந்திருக்கும் கோப்புகள் வரம்பைத் தொட்டுவிட்டன என்ற செய்தி, வரிசையாக நிற்கும். லினக்ஸில் ஒவ்வோர் இணைப்பின் முனையும், அதாவது சாக்கெட்டும், திறந்த கோப்பாகவே எண்ணப்படும். வாரம் ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டோம். வரம்பை 1024-லிருந்து உயர்த்தலாம் என்றும் பேசினோம். அது சேவை முடங்கும் நாளைத் தள்ளிப்போடுமே தவிர வேறொன்றும் செய்யாது என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

ஓடும் புரோகிராம்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் (/proc) கோப்பகத்தில், அந்தச் சேவையின் புராசஸ் திறந்துவைத்திருந்த ஃபைல் டிஸ்கிரிப்டர்களை, அதாவது திறந்த கோப்பையும் சாக்கெட்டையும் குறிக்கும் எண்களை, எண்ணத் தொடங்கினேன். காலையில் 412, மாலையில் 463. பயனர் எவருமில்லாத நள்ளிரவிலும் எண்ணிக்கை இறங்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை க்ளோஸ்-வெயிட் நிலையில் இருந்த சாக்கெட்டுகள். எதிர்முனை இணைப்பை முடித்துக்கொண்ட பின்னும் நம் புரோகிராம் சாக்கெட்டை மூடவில்லை என்பதே அந்த நிலைக்குப் பொருள் என்பதால், நெட்வொர்க்கைச் சந்தேகிக்க இடமில்லாமல் போயிற்று. மூலநிரலைப் படித்தபோது, டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (மறைகுறியாக்கப்பட்ட இணைப்பைத் தொடங்க இரு முனைகளும் செய்துகொள்ளும் தொடக்கப் பேச்சு) பாதியில் முறிந்தால் ஃபங்ஷன் உடனே திரும்பிவிடுவதையும், அந்த ஒரு வழியில் மட்டும் சாக்கெட்டை மூடும் வரி விடுபட்டிருப்பதையும் கண்டேன். இத்தகைய கசிவுகள் பெரும்பாலும் பிழையைக் கையாளும் இடங்களில்தான் ஒளிந்திருக்கின்றன. அந்த வழிகளை எவரும் தினமும் ஓட்டிப் பார்ப்பதில்லை.

ஆயினும், மூலநிரலைப் படித்துச் சொல்வதை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹேண்ட்ஷேக்கைத் தொடங்கிப் பாதியில் துண்டிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, சோதனைக் கணினியில் 500 முறை ஓட்டினேன். டிஸ்கிரிப்டர் எண்ணிக்கை மிகச் சரியாக 500 கூடியது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது: கடவுச்சொல் எதுவும் தெரியாத எவரும் இதே ஸ்கிரிப்டைக் கொண்டு அந்தச் சேவையை முடக்கிவிட முடியும். ஆகவே எல்லோரும் பார்க்கும் பக் பட்டியலில் பதியாமல், பாதுகாப்புக் குறைகளுக்கென அத்திட்டம் வைத்திருந்த தனி முகவரிக்கு, பதிப்பு எண், கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) விவரம், ஸ்கிரிப்ட், முன்பின் எண்ணிக்கை ஆகியவற்றை அனுப்பினேன்.

பராமரிப்பாளர் தம் கணினியில் கசிவு தெரியவில்லை என்று முதலில் பதிலளித்தார். அவர் டிஎல்எஸ் இல்லாமல் பில்ட் செய்திருந்தார் என்பது இரண்டாம் கடிதத்தில் தெளிவாயிற்று. திருத்தம் ஒரே வரியில் முடிந்திருக்கும். அவரோ எல்லாப் பிழை வழிகளும் ஒரே இடத்தில் வந்து சாக்கெட்டை மூடிவிட்டு வெளியேறும்படி அந்த ஃபங்ஷனையே மாற்றி எழுதினார். அது என் திருத்தத்தைவிட நல்லது என்று மனமாரச் சொல்வேன்.

புதிய பதிப்பை நிறுவிய அன்றே கிரானிலிருந்த அந்த வரியை நீக்கினேன். இருபது நாள் கழித்து எண்ணியபோது 64 இருந்தது.