விளக்கிலிருந்து எழும் பூதம்

அலாவுதீன் விளக்கைத் தேய்த்ததும் எழுந்து நிற்பதைச் சேலத்தில் நாங்கள் 'பூதம்' என்றே கேட்டு வளர்ந்தோம். இன்றைய பிள்ளைகள் அதையே 'ஜீனி' என்கிறார்கள். அரபு மூலச்சொல்லோ 'ஜின்'. மூன்றும் ஒன்றையே சுட்டினாலும், வரம் தருதல் என்ற பொருள் எதன் வேரிலும் இல்லை.

ஜின் என்பதன் வேருக்கு மறைத்தல் என்று பொருள். கருப்பையில் மறைந்திருக்கும் சிசு 'ஜனீன்'. மரங்கள் நிலத்தை மூடியிருக்கும் சோலை 'ஜன்னத்'. அறிவு மறைக்கப்பட்டவன் 'மஜ்னூன்', லைலாவின் காதலனுக்கு அப்பெயர் வந்தது இப்படித்தான். புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்டதாகக் குர்ஆன் கூறும் ஜின், கண்ணுக்குப் புலப்படாத தனி இனமே அன்றி, யாருக்கும் பிறவி ஊழியன் அன்று.

ஜீனியின் வழி வேறு. பிறப்பித்தல் என்னும் வேரிலிருந்து வந்த 'ஜீனியஸ்' என்ற லத்தீன் சொல், ஒவ்வோர் ஆணுடனும் உடன்பிறந்து காக்கும் தெய்வத்தைக் குறித்தது. அதன் பிரெஞ்சு வடிவத்தை, ஒலியும் பொருளும் ஓரளவு ஒத்துவந்ததால், 1704 முதல் ஆயிரத்தொரு இரவுகளைப் பெயர்த்து வெளியிட்ட அந்துவான் காலான் ஜின்னுக்குப் பயன்படுத்தினார். ஆங்கிலமும் அதையே பின்பற்றியது.

அலாவுதீன் கதையை 1709இல் பாரிசில் காலானுக்குச் சொன்னவர் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப். அலிபாபா கதையும் அவர் சொன்னதுதான். அதை 1956இல் வண்ணப் படமாக்கியது எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் என்பதால், ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவைக் கடக்கும்போது தியாப்பின் நினைவு எனக்கு வருவதுண்டு.

உண்டானது, இருப்பது என்ற பொருளுடைய வடசொல்லாகிய பூதமோ தமிழில் கடுமையானது. சிலப்பதிகாரத்தின் சதுக்கப்பூதம், பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் பிறர்மனை நயப்போரையும் பாசக்கயிற்றால் கட்டிப் புடைத்துண்ணும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்கிறோமே, அங்கும் அது வரம் தர வருவதில்லை. ஆயினும் புதையல் காக்கும் பூதம் நம் கதைகளில் ஏற்கெனவே இருந்தது. குகைக்குள் கிடந்த விளக்கின் காவலனுக்கு அப்பெயர் பொருந்திப்போனதில் வியப்பில்லை.

வரம் தரும் வேலையைக் கதைதான் கொடுத்தது. சுலைமான் நபிக்கு ஜின்கள் கட்டுப்பட்டு உழைத்த மரபின் தொடர்ச்சியாக, அலாவுதீன் கதையிலும் பூதம் தன்னை விளக்கை வைத்திருப்பவரின் அடிமை என்றே சொல்லிக்கொள்கிறது. மூன்று வரம் என்ற வரையறை காலானின் கதையில் இல்லை. விளக்கு கையில் இருக்கும்வரை எத்தனை முறையும் கேட்கலாம்.